தகுதியுள்ள செலவுகள்

நாற்பது டேப்லெட்டுகள் வந்த அன்று
கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.
பள்ளியின் கணக்கெழுத்தர், அரைச் சம்பளம்;
மீதி அரைக்குச் சமையலறைச் சாவியும் என்னிடம்.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வயர், ஒரு துடைக்கும் துணி,
ஏழு மொழிகளில் ஓர் எச்சரிக்கை.
எங்கள் செசோத்தோவில் இல்லை,
ஆகவே யாரும் எச்சரிக்கப்படவில்லை.

படம் எடுத்தார்கள்.
லெசோத்தோ என்றால் கம்பளி வேண்டுமாம்:
கொளுத்தும் பிப்ரவரியில்
போர்த்திக்கொண்டு நின்றன பிள்ளைகள்.

கூடவே வந்த சூரியத் தகட்டை
நவம்பரில் ஆலங்கட்டி உடைத்தது.
பத்து நிமிடம்கூடப் பெய்யவில்லை.
குதிரை இனாம்; கொள்ளு யார் பாடு?
மலைக்குக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம்
செகோலியின் கடையில் ஜெனரேட்டர் உறுமுகிறது.
ஒன்றுக்கு மூன்று மலோட்டி.
பள்ளிக்கூடத்துக்கென்று குறைக்க மாட்டார்,
டீசல்காரன் எனக்குக் குறைக்கிறானா என்பார்.
அதுவும் நியாயம்தான்.

நிதி கேட்கும் படிவத்தில் ஒரு கட்டம்:
'ஆண்டுப் பராமரிப்புச் செலவு.'
மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மொசியுவா சார் எட்டிப் பார்த்தார்,
சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்,
கரும்பலகையில் எழுதினார்:
நாற்பது கருவி. வாரம் இரண்டு முறை. மூன்று மலோட்டி.
முப்பத்தெட்டு வாரம்.
எவ்வளவு?

ஒன்பதாயிரத்து நூற்றிருபது
என்றது வகுப்பு, ஏறக்குறைய ஒரே குரலில்.

கெகெட்சோவின் தாளில் மட்டும் வேறு விடை.
(அந்தப் பெயருக்குக் 'கூடுதல்' என்று பொருள்,
அவள் அம்மா என்ன நினைத்து வைத்தாளோ.)
சார், டேப்லெட் நடந்தா போகும்? என்று கேட்டிருக்கிறாள்.
குதிரை வாடகை ஒரு நடைக்கு ஐம்பது,
வருடத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு.
மொத்தம் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
அதோடு விட்டாளா?
கீழே இன்னொரு வரி:
குதிரையோடு போகிற பிள்ளைக்கு
வாரம் இரண்டு நாள் பாடம் போகிறது, அதற்கு
'?'

கூட்டல் குறிக்கு அப்புறம் ஒரு கேள்விக்குறி.
சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார்,
மூடினார்,
தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சிக்னல் கிடைப்பது முகட்டில் மட்டும்.
என் சொந்தப் போன், ஒன்பது சதவீதம்.
காற்று எழுத்துகளைத் தள்ளிவிடும் போலிருந்தது.
சார்ஜ் தொகையைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது.
குதிரையைப் போட்டேன்:
'விலங்குகள் தகுதியுள்ள செலவில் அடங்கா.'
போக்குவரத்து என்று மாற்றினேன், ஏற்றுக்கொண்டது.
கேள்விக்குறியைப் போட்டேன்.
'எண்கள் மட்டும்.'
திரும்பப் போட்டேன். எண்கள் மட்டும்.
பூஜ்யம் போட்டதும்
உடனே ஒரு பச்சை டிக்,
நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுப்பது போல.

ஆறு சதவீதம்.

அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
கீழே பாதையில் ஒரு குதிரை இறங்கிக்கொண்டிருந்தது,
இரண்டு பக்கமும் மூட்டை, நடுவில் ஒரு சிவப்புத் தொப்பி.
செவ்வாய்க்கிழமை.
பின்னம் நடத்துகிற நாள்.

கடைசியில் 'பிற குறிப்புகள்' என்றொரு இடம்,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
எனக்குப் பத்துக்கும் குறைவாகவே தேவைப்பட்டது:

மேலே உள்ள பூஜ்யம் பொய்.
அதன் பெயர் கெகெட்சோ.
வருகைப் பதிவேடு இணைப்பு.

இணைப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.
நான்கு சதவீதம்.
போனை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன்,
குளிரில் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பதால்.