கேட் மூடியிருக்கும்போது

நீடாமங்கலம் கேட்டை மூடினால்
எனக்கு ஓர் அத்தியாயம்.
சரக்கு ரயில் முன்னே போய்ப் பின்னே வந்தால்
ஒன்றரை.

இந்த வாரம் கொலைக் கதை.
"முடிவை யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றுதான்
வாடகை நூலகக் கலியமூர்த்தி கொடுத்தார்.
பதினேழாம் பக்கத்திலேயே
எவனோ பென்சிலால் எழுதிவைத்திருக்கிறான்:
டாக்டர்தான் செய்தது.

போன மாதக் காதல் நாவலிலும் இதே கையெழுத்து.
அவள் கடிதத்தை எடுக்கிற இடத்தில்
'கிழிக்காதே' என்று.

துப்பறிந்தேன்.
தையல் மடிப்பில் நெல் சுணை.
அடையாளத்துக்கு வைத்து மறந்துபோன
கொள்முதல் நிலையச் சீட்டு:
ஈரப்பதம் பத்தொன்பது. திருப்பி அனுப்பியது.
தேதி, ஐப்பசியில் விடாமல் பெய்த அந்த வாரம்.
தார்ப்பாய்க்குள் மூட்டைமேல் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில்
நெல் காயக் காத்திருந்து படித்தவன்.
அல்லது படித்தவள்.
இல்லை, அவன்தான்.

இருநூற்றுப் பத்தாம் பக்கம்.
டாக்டர் பாவம், ஒன்றும் செய்யவில்லை.
பொய் எழுதியிருக்கிறான்,
நான் கடைசிவரை படிக்க வேண்டுமென்று.

கேட் திறந்துவிட்டது.
பின்னால் மன்னார்குடி பஸ் ஹாரன் அடிக்கிறது,
திட்டுகிறார்கள்.
ஸ்கூட்டி ஸ்டாண்டை எடுக்காமல்
கைப்பையில்
பென்சில் தேடுகிறேன்.