பொருள் எண் முப்பத்தொன்று

முப்பத்தொன்றாம் பொருளை வாசிக்க
உதவிப் பொறியாளர் ஜெபசிங்குக்கு
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
வாரியக் குடியிருப்பு, நாலு பிளாக், தொண்ணூற்றாறு வீடு.
புனரமைப்புப் பணி நிறைவு.
குடியிருப்போர் திருப்தி தொண்ணூற்றிரண்டு சதவீதம்.
கடைசிப் பட்டியல் தொகை வழங்க மன்றத்தின் அனுமதிக்கு.
அடியில் வார்டு உறுப்பினர் ஒப்பம்.
என்னுடையதுதான்.
ஊதா மை, மகளின் பள்ளிக்கூடப் பேனா.

சித்திரையில் போட்டது.
பொதிகைமேல் ஒரு துண்டு மேகம் இல்லை அன்றைக்கு.
ஏழு பேர் போனோம், படம் எடுக்க ஒருவரும்.
ரோட்டைப் பார்த்த சுவரெல்லாம் மாம்பழ மஞ்சள்,
தொட்டால் விரலில் வந்தது.
படிக்கட்டில் பினாயில் வாசம்.
சி பிளாக் மூன்றாம் மாடியில்
மைதீன் பாத்து நன்னாரி சர்பத் கொடுத்தாள்.
கட்டிலில் மடிப்புத் தடம் போகாத புது விரிப்பு.
மேற்குச் சுவரில் மூன்று காலண்டர்.
ஒரு வீட்டுக்கு எதற்கு மூன்று
என்று எனக்குத் தோன்றவில்லை.
ஒழுக்கு உண்டா?
"அப்படியொண்ணும் இல்லம்மா."
டிக்.
எதிர்வீட்டு இசக்கித்தாய்
"நல்லாத்தான் இருக்கு, என்ன கொற?"
டிக்.
கூட்டினால் தொண்ணூற்றிரண்டு வருகிறது.
கணக்கில் பிழை கிடையாது.

ஆடி பிறந்து நாலாம் நாள்
மைதீன் பாத்துவின் பென்ஷன் தாள்
என் பையிலேயே தங்கிவிட்டது.
ராத்திரி எட்டரைக்கு, சாரலோடு,
சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் முகத்தில் முதலில் வந்தது வெட்கம்.
எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள்.
தரையில் வாளி, கும்பா, இட்லிக் கொப்பரை,
காண்ட்ராக்டர் விட்டுப்போன பெயின்ட் டப்பா,
அதே மாம்பழ மஞ்சள், பாதி நிறைந்து.
சுற்றிய பீடியோடு சொளவு கட்டிலில் ஏறியிருக்க
அதற்குமேல் விரித்த குடை.
பீடி நமத்தால் கூலியில் பிடிப்பார்கள்,
மனுஷர் நனையலாம்.
காலண்டர் மூன்றும் ஊறித் தொங்கின.
ஒன்றை நகர்த்திப் பார்த்தேன்.
உள்ளே கம்பி தெரிந்தது, துருப்பிடித்து.

எங்கள் ஊரில் சாரல் மேற்கிலிருந்து சாயும்.
ரோடு கிழக்கே.
எஸ்டிமேட் போட்டவருக்கு ரோடு தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கு இதெல்லாம் எங்கே கிடந்துச்சு?"
"மொட்டமாடியில கொண்டு வச்சோம்.
எல்லா வீட்டு வாளியும் அங்கதாம் இருந்துச்சு."
மேல்வீடு மழைக்கு ஒழுகும்.
கீழ்வீடு, மேல்வீட்டில் யாராவது குளித்தாலே ஒழுகும்.
ஆக எல்லா வீட்டிலும் வாளி.
"ஏன் ஒளிச்சீங்க?"
என் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.
"வீடு தேடி வந்தவியளுக்கு
வாளியவா காட்டுவாவ?"

மாடிக் கதவு பூட்டியிருந்தது அன்று.
சாவி இல்லை என்றார்கள்.
சர்பத் குடித்த நாக்கு, நாங்களும் கேட்கவில்லை.

இன்று எழுந்து நின்றேன்.
ஒப்பத்தைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லையாம்.
மறு ஆய்வு கேட்கலாம், அதற்கு இடம் உண்டு,
ஏழு நாள் முன்னறிவிப்போடு.
முன்னறிவிப்பு வேண்டாம்,
தேதிக் கட்டத்தில் மழை என்று எழுதுங்கள் என்றேன்.
பின்வரிசையில் சிரிப்பு.
குறிப்பெழுதும் நெல்லையப்பன் மட்டும்
பேனாவை எடுக்காமல் கேட்டார்,
"மழைன்னா எந்த மழைம்மா? ஆடியா, ஐப்பசியா?"
பொருள் ஒத்திவைக்கப்பட்டது.
தொகை நின்றது. அதுவரைக்கும் சரி.

சாயங்காலம் சி பிளாக்குக்குப் போனேன்.
திரும்ப வருவார்கள், என்றைக்கென்று தெரியாது,
வாளியை எடுக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன்.
காலண்டரையும் கழற்றிவிடச் சொன்னேன்.
மைதீன் பாத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
படியிறங்கும்போது கைப்பிடிக்கு மேலே குனிந்து கூப்பிட்டாள்,
"சரிம்மா, வாளி அங்கங்க இருக்கட்டும்.
பொறியாளர எங்க உக்கார வைக்க?"