ஏழாவது நிரல்

தும்முல்லைச் சந்தியிலிருந்து மூன்று நிமிட நடை.
வாசலில் மும்மொழிப் பலகை.
தமிழில் மட்டும் ஒரு புள்ளி இல்லை:
"சரவதேச உறவுகள் ஆய்வு நிறுவகம்".
நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.
இரண்டு கடிதம் எழுதினேன்.
இரண்டாவதற்குப் பதில் வந்தது:
"தங்கள் முறைப்பாடு கவனத்திற் கொள்ளப்பட்டது."
அந்தப் பதிலில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

மேல்மாடியில், யன்னலோரம், என் கதிரை.
குளிரூட்டி என் பிடரிக்கென்றே பூட்டியது போல வீசும்.
பாக்கு நீரிணையை எண்ணுவது என் வேலை.
பத்திரிகை, கடற்படை அறிக்கை, சங்கக் கடிதம்,
எதில் வந்தாலும் ஒரு சம்பவத்துக்கு ஒரு நிரை.
திகதி. அகலாங்கு, நெட்டாங்கு.
முதலாம் தரப்பு, இரண்டாம் தரப்பு.
பிறகு வகை:
வலை அறுபட்டால் நான்கு,
கைதென்றால் ஆறு,
ஒன்பதை அடிக்கும்போது மட்டும்
விரல் கொஞ்சம் நிற்கும்.
ஏழாவது நிரல் "குறிப்பு".
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

வியாழக்கிழமைகளில் கருத்தரங்கு.
ஓய்வுபெற்ற தூதுவர் ஒருவர்
இந்து சமுத்திரம் ஒரு சதுரங்கப் பலகை என்றார்.
யாரோ எழும்பி, இல்லை, அது பாலம் என்றார்.
நஸ்மியா மீன் ரோல்ஸ் தட்டோடு
சத்தமில்லாமல் சுற்றி வந்தாள், ஆளுக்கு ஒன்று.
சமையலறையில் வெறும் ரின்னைப் பார்த்தேன்:
சிலியில் பிடித்து அடைத்த மீன்.

நிரை 1412.
புதன் இரவு, பேசாலைக்கு வடமேற்கே பதினொரு மைல்.
முதலாம் தரப்பு: இழுவைப்படகு, இந்தியா.
இரண்டாம் தரப்பு: மீனவர், இலங்கை, எண்ணிக்கை ஒன்று.
பெயர் எழுத எங்களிடம் நிரல் இல்லை.
அந்த ஒன்று லியோன் குரூஸ்,
என் பெரியம்மாவின் மகன்.

தொலைபேசியில் சொன்னான்:
"விடிய ஒரு மூண்டு மணி இருக்கும்.
றோலர் என்ர வலைக்கு மேலால வந்திட்டுது.
நான் தூசணத்தால ஏசினன்.
அவங்களும் ஏசினாங்கள்.
ஒரு சொல்லு எனக்குப் புதுசு, பிறகு சொல்லுறன்.
கடைசியா ஒரு பெடியன் பின்பக்கம் வந்து நிண்டு
மன்னிச்சிருங்கண்ணே எண்டு கத்தினான்.
அதுதான் எனக்கு இன்னும் ஆறேல்ல.
வலை மூண்டு லட்சம்.
அந்த மன்னிப்பை எந்த வங்கியில மாத்திறது?"

வகை நான்கு என்று அடித்தேன்.
ஏழாவது நிரலில்
"இரு தரப்பும் ஒரே மொழியில் ஏசின" என்று தொடங்கி
பெடியனையும் சேர்த்தேன்.

கலாநிதி உடுவாவல மாலையில் கூப்பிட்டார்.
நல்ல மனிதர். விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவார்.
"இது எதற்கு?
மொழி ஒரு மாறியே இல்லையே" என்றார்.
இல்லைத்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு
என்ன சொல்லால் ஏசினார்கள் என்று கேட்டார்.
மெல்லச் சொன்னேன்.
சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சிங்களத்திலும் அதற்கு அடுத்த வீட்டில்
ஒரு சொல் இருக்கிறதாம்.
அழிக்கச் சொல்லவில்லை.
வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

அமைச்சுக்குப் போகும் சுருக்கத்தில்
நிரல் ஏழு வராது.
நான்குகளின் கூட்டுத்தொகை போகும்,
நீல நிறத்தில், ஒரு தூணாக.
தமிழ்ப் பிரதி பிந்தி வரும்;
அதை மொழிபெயர்ப்பதும் நான்தான், ஆனபடியால்
எவ்வளவு பிந்தும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் போன பிறகு
அந்தப் பெட்டியைத் திறந்து எழுத்தை எண்ணினேன்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இன்னும் இரண்டெழுத்துக்கு இடமிருந்தது.
தமிழில் இரண்டெழுத்தில் எவ்வளவோ இருக்கிறது.
யோசித்துக்கொண்டிருந்ததில்
வெள்ளவத்தை பஸ் போய்விட்டது.