பொன்னாடை போர்த்திய நேரம்

பேரணாம்பட்டு பேருந்து நிலையத்தை ஒட்டி
தஸ்தகீர் டீக்கடை.
டிவிக்குள் மூன்று பேர்
ஒரு கட்டைவிரலைச் சுற்றி
மஞ்சள் வட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.
ஆறு கேமரா.
ஆறாவதில் நகத்துக்கும் கோட்டுக்கும் நடுவில்
மயிரிழை அளவு தரை தெரிகிறது.
"அவுட். இதில் பேச ஒன்றுமில்லை"
என்கிறார் நடுவில் இருப்பவர்.
சொல்லிவிட்டு
பதினொரு நிமிடம் பேசுகிறார்.

"கோட்டு போட்டவனுக்குக்
கோடு இன்னாடா தெரியும்?"
ஏகாம்பரம் கிளாஸை வைக்கிற வேகத்தில்
பாதி டீ மேசையில்.

அங்கிருந்து எங்கள் ஆட்டத்துக்கு வர
இரண்டு விளம்பரம் போதும்.

குடியாத்தத்தில், சிரசு முடிந்த மறுநாள்,
பேரணாம்பட்டும் மேல்பட்டியும்
முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.
கடைசிப் பாட்டு. துளசிராமன் உள்ளே போனான்.
நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள்.
ஒரு கை மட்டும் வெளியே வந்து
நடுக்கோட்டை நோக்கி நீண்டது.
நான் விசில் ஊதினேன்.
ஏழு வருஷமாகிறது.

கேமரா இல்லாமல் இல்லை.
கல்யாண வீடியோ எடுக்கிற ஜெபராஜ்
அந்த நொடி
மேடைப் பக்கம் திரும்பிவிட்டான்.
கோப்பை கொடுத்த தோல்மண்டி முதலாளிக்கு
பொன்னாடை போர்த்துகிறார்கள்.
ஜரிகை, வெட்கச் சிரிப்பு,
பின்னாலிருந்து சத்தம்.
அவ்வளவுதான் சாட்சி.
ஏகாம்பரத்தின் போனில் இன்னும் இருக்கிறது.

"கூச்சலுக்கு முன்னாடியே விசில்.
காதை வச்சிக் கேளு."
"அதுக்கு முன்னாடி ஒருத்தன்
தொட்டுட்டான்னு கத்துறானே, அது கேக்கலையா?"
"அவன் மொதலாளி கால
எவனோ தொட்டதப் பாத்துட்டு சொன்னான்."
"இன்னொரு தபா போடு."

போடுகிறார்கள்.
முதலாளி இன்னொரு தபா வெட்கப்படுகிறார்.

"அம்பயரு இங்கதான கீறாரு,
அவரையே கேளு."
நான் டீயை ஊதுகிறேன்.
ஊதுவதுதானே என் வேலை.

சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை வேறு.
ஒரு நாளைக்கு எண்ணூறு தோல்
என் கை வழியே போகிறது.
முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு.
கை வைத்தால் முடிந்தது.
எந்த ஆட்டுத்தோலும் இதுவரை
எழுந்து என் சட்டையைப் பிடித்ததில்லை.

இவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நடுக்கோடு அன்றைக்கு இல்லை.
சாயங்காலம் ஏழு மணிக்குத் தூவிய சுண்ணாம்பு
பத்தரைக்கெல்லாம்
இருபத்தெட்டுப் பாதங்களில் ஒட்டிக்கொண்டு
மைதானம் முழுக்கப் பரவிவிட்டது.
இந்தப் பக்கம் ஒரு மூங்கில்,
அந்தப் பக்கம் ஒரு மூங்கில்,
நடுவில் என் மனசு கட்டிய கயிறு.
கை வந்தது.
விசில் ஏற்கனவே வாயில் இருந்தது.
மூச்சு என்னுடையதுதான்.
தீர்ப்பு யாருடையது என்று
நானும்தான் தேடுகிறேன்.

லோடு வண்டியை ஓரம் கட்டிவிட்டு
துளசிராமனே வருகிறான்.
போன் சட்டென்று அணைகிறது.
"நீயே சொல்லுப்பா. தொட்டியா, தொடலியா?"

"மூஞ்சி மண்ணுல. மேல நாலு பேரு.
எனக்கு எப்பிடிண்ணா தெரியும்?"
பன்னைப் பிய்த்து டீயில் முக்கிக்கொண்டே
என் பக்கம் திரும்புகிறான்.
"நீங்க நேரா நின்னுக்கினு இருந்தீங்க.
கரெக்டா பாத்திருப்பீங்கல்ல?"

குத்தலே இல்லை அந்தக் குரலில்.
இருந்திருந்தால் தேவலை.

தலையை ஆட்டினேன்.
மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பது
அவன் வண்டி கிளம்பியதுமே
விவாதத்துக்கு வந்துவிட்டது.

ஏகாம்பரம் சிந்தின டீயில் விரலைத் தோய்த்து
மேசை மேல் கோடு இழுக்கிறார்.
மிச்சப் பன் துளசிராமன்.
பீடிக்கட்டு, தீப்பெட்டி,
இரண்டு சாவி, தடுப்பு ஆட்டக்காரர்கள்.
சர்க்கரை டப்பா நான்.
பன் நகர்கிறது,
எல்லாத் தலையும் குனிகிறது,
கடைப் பையன் ஈரத்துணியோடு வந்து
ஒரே இழுப்பில் துடைத்துப் போகிறான்.

"டேய்!"

திரும்பவும் கோடு போட்டார்கள்.
இந்தத் தபா
கொஞ்சம் இந்தப் பக்கம்.