ஒன்பது பேருக்கு ஊறவைத்தது

இருபத்துமூன்றாம் தேதி படகு இல்லை என்றார்கள்.
இருபத்துநான்கிலும் இல்லை.
கிறிஸ்துமஸ் அன்று எப்போதுமே கிடையாது.
துறைமேடையைத் தாண்டி வந்த அலை
நிறுத்தி வைத்த கார்களின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

அதற்குள் நான் எல்லாம் ஊறவைத்திருந்தேன்.
ஊறியதை என்ன செய்வது,
சமைத்தேன்.
ரூனாவுக்கு, ஃபின்லேவுக்கு, அவர்கள் பிள்ளைகள் இருவருக்கு,
மெர்ரனுக்கும் அவள் வளர்ந்த தடியன்கள் இரண்டு பேருக்கும்.
அப்புறம் நாங்கள்.

வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை.
கண்ணுள்ள எதையும் தின்பதில்லை என்று
போன வருடம் சொல்லிவிட்டுப் போனாள் மகள்.
உருளைக்கிழங்குக்கும் கண் இருக்கிறதே என்றார் எர்லண்ட்.
அவள் சிரிக்கவில்லை.
இருநூற்றுப் பத்து ஆடு உள்ள வீடு இது.

ஆக, கிறிஸ்துமஸ் மேசையில்
காகிதக் கிரீடம் சூட்டிக்கொண்டு இரண்டு பேர்.
நடுவில் முந்திரியும் வால்நட்டும் பயறும் அரைத்துச் சுட்ட
செங்கல் ஒன்று.
பந்திக்கு முந்த யாரும் இல்லை.
நறுக்கினேன்.
செங்கல் இல்லைதான்.

மறுநாள்
மசித்த உருளையையும் டர்னிப்பையும்
குட்டிக்கோசோடு பிசைந்து
இரும்புச் சட்டியில் தட்டிப் போட்டேன்.
கீச்சென்றது, சீறியது, அடங்கியது.
தீய்ந்த ஓரத்தை இருவரும் கேட்டோம்.
முப்பத்தாறு வருடத்தில்
தீய்ந்ததற்குச் சண்டை போட்டது அன்றுதான்.

அது மெர்ரனின் பங்கு என்றார் மென்றபடி.
நேற்றுத் தின்றது?
பெரியவனுடையது.
அவன் இவ்வளவா தின்பான்?
அவன் தட்டை நீ பார்த்ததில்லை.

செங்கல்லின் பாதியை உதிர்த்துத் தக்காளியில் கொதிக்கவிட்டேன்.
பழைய ரொட்டி தூளாகி அதன் தலையில் ஏறியது.
கிரான்பெர்ரிச் சாறு எதனோடும் சேரவில்லை,
மூன்று நாள் சும்மா இருந்தது,
நான்காம் நாள் ஓட்ஸ் கஞ்சிக்குள் போனது.
கோசின் மேலிலை, காரட் தோல், டர்னிப் காம்பு
எல்லாம் வாளியில்.
காது கிழிந்த சினையாடு ஒன்று
மூன்றரை மணி இருட்டில்
கேட்டருகே வந்து நிற்கப் பழகிவிட்டது.

போனில் ரூனா கத்தினாள், காற்றுக்கு மேலாக:
கொண்டைக்கடலை டப்பாவின் தண்ணீரைக்
கொட்டிவிடாதே அம்மா, அடி.
யாரை?
தண்ணீரை. சர்க்கரை போட்டு அடித்துக்கொண்டே இரு.
லைன் போய்விட்டது.
அடித்தேன்.
பாத்திரம் தாண்டி வெள்ளையாய் எழுந்தது.
கடல் போதாதென்று வீட்டுக்குள்ளும் நுரையா
என்று கேட்டவர்தான்
கரண்டியையும் நக்கினார்.

ஐந்தாம் நாள் இரவு
பின்கட்டு ஃபிரீஸரைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்.
உள்ளே எங்கள் ஆட்டுக்குட்டி, பாதி,
காகிதம் சுற்றி, அவர் கையெழுத்தில் தேதி போட்டு.
விளக்கு அவர் மூக்கில் விழுந்தது.
எடுக்கட்டுமா என்றேன்.
மூடினார்.
இது தீரட்டும், இன்னும் பிள்ளைகள் பங்கு இருக்கிறது.

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
மார்ச்சில் குட்டிகள் விழும். ஆகஸ்டில் லாரி வரும்.
அது மாறப்போவதில்லை.

இன்று காற்று விழுந்துவிட்டது.
பதினோரு மணிப் படகில் ஏழு பேரும்.
எர்லண்ட் வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்,
சவரம் செய்து.
அடுப்பில் ஒரு பானை சூப்,
எல்லாவற்றின் கடைசியும் அதில்.
கரண்டியால் அளந்து பார்த்தேன்,
ஆறு கிண்ணம், இழுத்தால் ஏழு.
தண்ணீர் ஊற்றினேன்.
உப்புப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

இவோர் வந்ததும் வறுத்த உருளைக்கிழங்கு கேட்பான்.
உன் பங்கை உன் தாத்தா
செவ்வாய்க்கிழமை தின்றுவிட்டார் என்று
எப்படிச் சொல்ல.

கேட்டருகே அவள் நிற்கிறாள்,
நேரமே ஆகவில்லை.
இன்றைக்குத் தோல்கூட இல்லை, போ என்கிறேன்
ஜன்னல் வழியாக.
போகவில்லை.