ஒன்றரை

பட்சுன் மலையில் நவம்பர்க் குளிர்.
எர்மெலிந்தா குமெஸின் அடுப்படியில்
அரைகல்லுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே
என் தராசுக்கு ஒரு சாண் இடம் கிடைத்தது.

ஒரு தொர்த்தியா முப்பது கிராம்.
சூட்டோடு வைத்தால்
ஆவி போகப் போக எண் இறங்குகிறது.
காத்திருந்து எழுதினேன்.

பரணில் மக்காச்சோளம். அக்டோபர் முழுக்க மழை.
சில கதிர்களின் நுனி
பால்குடிப் பிள்ளையின் ஈறுபோல இளஞ்சிவப்பு.
அழகாயிருக்கிறதே என்று நினைத்துவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன்.

மணிகளை அவள் மூன்று குவியலாகப் பிரித்திருந்தாள்.
வீட்டுக்கு ஒன்று. கோழிக்கு ஒன்று.
மூன்றாவது?
"அது ஜூலைக்கு."
ஜூலையில் பரண் காலி,
சிவப்பு அப்போது கண்ணில் படாது.
என் படிவத்தில் நல்லது, கெட்டது,
இரண்டே கட்டம்.

சுண்ணாம்பில் வேகவைத்து நாலு தண்ணீர் அலசுகிறாள்.
கொஞ்சம் நஞ்சு அந்தத் தண்ணீரோடு போகும்.
மிச்சத்துக்கு மணமில்லை, ருசியில்லை,
அடுப்பைக் கண்டு பயமுமில்லை.

பையனைத் துணித்தூளியில் தொங்கவிட்டோம்.
வில்மர், நாலு வயது.
முள் ஆடி ஆடிப் பதினொன்றில் நின்றது.

"நாளைக்கு எத்தனை சாப்பிடுவான்?"
வாசலில் நாத்தனார்,
அவள் தோளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலை.
"ஆறு" என்றாள், கேட்டு முடிக்குமுன்.
ஆறு என்று எழுதினேன்.

பஸ் நிற்கும் திருப்பம்வரை ஓடி வந்தாள்.
மூச்சு வாங்க, தரையைப் பார்த்து,
"ஒன்றரை" என்றாள்.
"எல்லாரும் நின்றார்கள் இல்லையா."

மூன்று வாரம் கழித்துத் தலைநகரில்
ஆய்வகத்தின் தாள் வந்தது.
தின்றதை நஞ்சால் பெருக்கு, எடையால் வகு.
உடம்பின் ஒரு கிலோவுக்கு
இரண்டு மைக்ரோகிராம்வரை தாளும், நாளொன்றுக்கு.

ஆறு போட்டேன்:
மூன்று மடங்குக்கும் மேல். கட்டம் சிவந்தது.
ஒன்றரை போட்டேன்:
ஒன்று புள்ளி ஆறு. கட்டம் பச்சை.
பையன் பத்திரம்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
பச்சைதான்.
நாலு வயதுக்குப் பதினாறு கிலோ இருக்கலாம்,
அந்த மீதி ஐந்து கிலோவை
எந்தக் கட்டத்தில் வைப்பது?

அன்று எடைபோட்ட தொர்த்தியாவை
அவள் துணியில் சுற்றி என் பையில் செருகியிருந்தாள்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
மலை இறங்குமுன்னே தின்றுவிட்டேன், உப்புகூட இல்லாமல்.
நன்றாயிருந்தது.

அது அவனுடைய ஒன்றரையில்
ஒன்று.