அரை மாத்திரை

டுலூத்தில் ஏரி இன்னும் உருகாத மார்ச்.
மார்லிஸின் சலவைக்கடையில்
ஏழாம் எண் உலர்த்திக்கும்
சோப்புத்தூள் விற்கும் பெட்டிக்கும் நடுவே
ஒடுங்கி நிற்கிறது அந்தப் பின்பால் மெஷின்.
கண்ணாடியில் தீட்டிய முத்துக்குளிப்பவளுக்கு
இடது கண் உரிந்துபோய்ப் பல வருடம்.
இப்போது இடது ஃபிளிப்பரும்
போர்வைக்குள்ளிருந்து நீளும் கைபோல
எழலாமா வேண்டாமா என்கிறது.

ஜோலீன் மாகி மின்கம்பியைப் பிடுங்கினாள்.
கண்ணாடியை உருவிச் சுவரில் சாய்த்தாள்.
பந்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
ஆடுதளத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்தாள்.
அடியில் கறுத்த தூசி,
கழன்ற ஸ்க்ரூக்கள், ஒரு சட்டைப் பொத்தான்.

பிளஞ்சரின் முனை காளானாய் விரிந்திருந்தது.
ஒரே இரும்பில் ஒரே தலையை
எத்தனை லட்சம் முறை முட்டினால் இப்படியாகும்?
அவள் கணக்குப் போடவில்லை.
இணைப்புத் துண்டின் துளை
ஒருகாலத்தில் வட்டம்,
இன்று பூசணி விதை.
காயிலுக்குள் சிக்கிய நைலான் குழல்
வரமாட்டேன் என்று அடம்பிடித்து,
திருகி இழுத்த பிறகு
புகையிலைச் சாறு நிறத்தில் வந்தது.
சுவிட்சின் தொடுமுனைகள்
கடுகு வெடித்த கரண்டி.
எல்லாவற்றையும்
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் கொட்டினாள்.

புதிதைப் பூட்ட அரைமணி நேரம்.
காயிலுக்குள் எண்ணெய் விடக்கூடாது;
விட்டவன் யாரென்று அவளுக்குத் தெரியும்,
பெயர் சொல்ல மாட்டாள்.
ஃபிளிப்பருக்கும் அடிவளையத்துக்கும் இடையே
தபால் அட்டை நுழைகிற அளவு இடம் விட்டு
ஸ்க்ரூவை இறுக்கினாள்.
பல்குத்தும் குச்சி காட்டிய இடத்தில்
ஃபிளிப்பரின் மூக்கு வந்து நின்றது.
விரலால் தூக்கி விட்டாள்.
சட்டென்று திரும்பியது. ஆட்டமில்லை.
வலதுக்கு உதிரிகள் வரவில்லை.
அடுத்த மாதம்.

மறுநாள் இரவு, மூட்டை அழுக்கோடு வெர்ன் ஓஸ்ட்பி.
கப்பல்துறைத் தூசியை
பதினோரு வருடமாக இங்கேதான் துவைக்கிறான்.
மெஷினின் முதல் நான்கு இடங்களிலும்
அவன் பெயரின் எழுத்துகள்.

காசு போட்டான். பந்து வந்தது.
இடது விரல் அழுத்தியது,
என்றைக்கும் அழுத்தும் அதே கணத்தில்.
பந்து பாதைக்கு இப்பால் தூணில் மோதி
நடுக்குழியில் நேராக இறங்கியது.
அடுத்ததும் அப்படியே.
மூன்றாவதற்கு அவன் பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான்.

பொத்தானுக்கும் ஃபிளிப்பருக்கும் நடுவே
ஒரு தாமதம் இருந்தது:
அரை மாத்திரை,
ஒரு மெய்யெழுத்து வாயில் வந்து போகும் நேரம்.
அது இருப்பது அவனுக்கே தெரியாது.
விரலுக்குத் தெரியும்.
பந்து வருமுன்பே புறப்பட்டு
அந்த இடைவெளியை விரல் நிரப்பிவந்தது,
இரவுக்கு இரவு.
இப்போது இடைவெளி ரொட்டிப் பையில் கிடக்கிறது.

"பழுது பாத்தியா, பழுதாக்கினியா?"

தன் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள் ஜோலீன்.
"புதுசுல இது இப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப நான் இங்க இல்ல."

அதற்கு அவளிடம் பதில் இல்லை.
பையை நீட்டினாள்.
அவன் துழாவி அந்தக் காளான்தலை இரும்பை எடுத்தான்,
உள்ளங்கையில் உருட்டினான்,
சில்லறை இருக்கும் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த காசு.
பந்து சரிகிறது, விரல் துடிக்கிறது,
அவன் அழுத்தவில்லை.
இன்னும் இல்லை.
தோள் ஏறி, தாடை இறுகி,
சும்மா இருப்பதற்கு
இவ்வளவு உழைக்கும் ஒருவனை
மார்லிஸ் பார்த்ததில்லை.
க்.
பந்து வளைவுப் பாதையில் ஏறி
முத்துக்குளிப்பவளின் விளக்குகளை எல்லாம் ஏற்றிவிட்டு
வலப்பக்கம் இறங்கி வந்தது.
வலதில் பழையபடியே முந்தினான்.
இரண்டு கையில் இரண்டு கடிகாரம்.

திரும்பாமலே கேட்டான்:
"வலது எப்ப?"
"அடுத்த மாசம்."
"ஒரு வாரம் முன்னாடி சொல்லு."

ஏழாம் எண் உலர்த்தி நின்றுவிட்டது.
உள்ளே அவன் உடை
சூடாகவே கிடந்தது, வெகுநேரம்.